செருப்புக்குக் காவல் இருந்தவள்

அன்புள்ள கதிர்,

இதைப் பிரித்ததும், போனில் சொன்னால் ஆகாதா என்று நினைப்பாய். ஆகாது. போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ நான்கு முறை ‘சரிப்பா’ சொல்லிவிடுகிறாய். சனிக்கிழமை சென்னையிலிருந்து வருகிறாய், ஞாயிறு இருக்கிறாய், திங்கள் விடியற்காலை பஸ் ஏறிவிடுகிறாய். அந்த ஒன்றரை நாளும் நம் ரெட்டியார்பாளையம் வீட்டில் பந்தல்காரர், சமையல்காரர், பத்திரிகை வைக்கப் போகும் இடங்களின் பட்டியல் என்று ஒரே அமளி. அதற்கு நடுவில் உன்னைப் பிடித்து உட்காரவைத்து இதைச் சொன்னால், கல்யாண நேரத்தில் அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் உனக்குத் தோன்றும். அதனால் எழுதுகிறேன். பஸ்ஸில் படி. திண்டிவனம் வருவதற்குள் முடிந்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரைக்குப் போனோமே, அதைப் பற்றித்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை நால்வரும் காலாற நடந்துவிட்டு வரலாம் என்று சொன்னது அம்மா. எங்களுக்கு மருமகளாக வரப்போகிற நிவேதாவை உழவர்கரையிலிருந்து நீ பைக்கில் அழைத்து வந்தாய். நானும் அம்மாவும் ஆட்டோவில் வந்து இறங்கினோம். ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் பைக்கைப் பின் தெருவில் நிறுத்திவிட்டு வந்தாய். வந்ததும் உன் ஹெல்மெட்டை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாய். ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது, பேசிக்கொண்டே நடக்க ஆரம்பித்தாய். உன் நடை எனக்குத் தெரியாதா, அது என் நடைதானே. பழைய கலங்கரை விளக்கம் வருவதற்குள் இருபதடி முன்னால் போய்விட்டாய். கடலுக்கு மேலே அப்போதுதான் நிலா பெரிதாக, செம்மண் நிறத்தில் வெளியே வந்துகொண்டிருந்தது. நிவேதா நின்று, “இங்க பாருங்களேன்” என்று உன்னைக் கூப்பிட்டாள். உனக்குக் கேட்கவில்லை. அவள் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

நீ அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தபோது அம்மாவும் அவளும் குட்டைச்சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். ஹெல்மெட் இருவருக்கும் நடுவில் இருந்தது. கால் வலியா என்று அம்மாவைக் கேட்டாய், அம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினாள், நீ நம்பிவிட்டாய். நீ போய் வருவதற்குள் அவர்கள் இருவரும் ஆளுக்கு ஒரு பேச்சுதான் பேசியிருந்தார்கள். பக்கத்தில் சுண்டல் வாங்கிக்கொண்டு நின்ற எனக்கு அது காதில் விழுந்தது. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அது என்ன பேச்சு என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உனக்குப் பாதிதான் தெரிந்த ஒரு கதையை முழுசாகச் சொல்லிவிட வேண்டும்.

மில் மூடிய பிறகு நான் ஒரு காலனி வாசலில் செக்யூரிட்டி வேலைக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். அப்போது உனக்கு ஆறு வயது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து சர்க்கரை வந்தது. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் அதை மில் ஷிப்டு மாதிரி எடுத்துக்கொண்டேன். சங்கு ஊதினால் உள்ளே போய்விட வேண்டும், அடுத்த சங்கு வரை வெளியே வரக்கூடாது என்று பழகின உடம்பு இது. தெருவில் நடந்தால் நாய் துரத்துகிறது, கடற்கரைதான் சரி என்று முடிவு செய்தேன். டியூட்டி முடிந்து வந்ததும் உன்னை ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்து, அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து, தினமும் கிளம்பிவிடுவேன். பார்க்கிறவர்களெல்லாம், பெண்டாட்டியைத் தினமும் பீச்சுக்கு அழைத்துக்கொண்டு போகிறான் பாரு என்று மெச்சுவார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமைதான்.

அங்கே போய் நான் செய்தது இதுதான். நடப்பதற்கென்று ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கியிருந்தேன். நம் தெருச் சேற்றில் அது அழுக்காகக் கூடாது என்று கையில் எடுத்துப் போய், குட்டைச்சுவரில் உட்கார்ந்து மாட்டிக்கொள்வேன். கழற்றிய செருப்பு, ஸ்கூட்டர் சாவி, பர்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் அம்மாவின் பக்கத்தில். ஒரு தடவை புதுச் செருப்பை யாரோ கொண்டுபோய்விட்டார்கள், அதிலிருந்து நான் உஷார். “பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு நடப்பேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, மூன்று சுற்று. நடுவில் யாராவது நிறுத்திப் பேசினால் அந்தச் சுற்றைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும் பைத்தியம் நான். ஒவ்வொரு சுற்றிலும் அம்மாவைக் கடக்கும்போது செருப்பு இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். செருப்பைத்தான் பார்ப்பேன். முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, “கிளம்பலாமா?” என்று கேட்பேன். ஒரு வாரம் இல்லை, ஒரு மாதம் இல்லை, பதினோரு வருஷம்.

காவல் என்றால் என்ன என்று தெரியாத ஆளா நான்? பகல் முழுக்க அடுத்தவன் கேட்டுக்குக் காவல் இருந்தவன். எதிர்க்கடையில் போய் ஒரு டீ குடிக்க முடியாது, ஒன்றுக்குப் போக வேண்டுமென்றாலும் யாரையாவது நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். அதற்காவது எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்த நாற்காலியிலிருந்து எழுந்து நேராக வீட்டுக்கு வந்து, அதே வேலையில் உன் அம்மாவை உட்கார வைத்துவிட்டு வீசி வீசி நடந்திருக்கிறேன். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இரண்டு ஜோடிச் செருப்பு வைக்க இடம் இருந்தது. வண்டியைப் பின் தெருவில் விட்டிருப்பதால் அதுவரை போய்த் திரும்ப வேண்டுமே என்று சோம்பல். ஒரு மஞ்சள் பையில் போட்டுத் தோளில் மாட்டியிருந்தாலும் போதும். தோன்றவில்லை. அவள் இருந்ததால் தோன்றவில்லை.

அம்மாவுக்குச் செடி கொடி என்றால் உயிர் என்று உனக்குத் தெரியும். நம் வீட்டு மாடிப்படியில் பெயிண்ட் டப்பாவில் வைத்த மல்லிகையே இவ்வளவு பூக்கிறதென்றால் அதற்கு அவள் கைதான் காரணம். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. தாவரவியல் பூங்காவில் பெரிய பெரிய மரமெல்லாம் இருக்கிறதாம், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி மாட்டியிருக்கிறார்களாம், ஒரு நாள் போகலாமா என்று கேட்டாள். நடந்து முடித்துவிட்டுப் போகலாம் என்றேன். நான் நடந்து முடிக்கும்போது பூங்காவை மூடிவிடுவார்கள். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஊசுடேரிக்குப் பறவைகள் வந்திருக்கின்றனவாம், ஏரிக்கரையில் நடக்கலாமாம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்றேன். வீராம்பட்டினம் பக்கம் மணல் இருக்கிறதாமே, இங்கே வெறும் பாறையாக இருக்கிறது, காலை நனைக்க முடியவில்லை என்றாள். அதற்கு என்ன சொன்னேன் என்றுகூட நினைவில்லை. உன் அம்மா ஒன்றைக் கேட்டால் இரண்டு தடவை கேட்பாள், மூன்றாவது தடவை கேட்கமாட்டாள். அதை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

நீ என்னோடு ஓடிவருவாய். என் ஒரு எட்டுக்கு நீ இரண்டு எட்டு வைக்க வேண்டும். பாறை இடுக்கில் நண்டு ஓடுகிறது என்று நின்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். முன்னாடி பாத்து நட என்று எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன்! நல்ல பிள்ளை நீ, அப்படியே கற்றுக்கொண்டாய். போன ஞாயிறு உன் முதுகைப் பார்த்தபோது எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை, அதை நீ நம்ப வேண்டும். நான் சொல்லிக்கொடுத்தது எவ்வளவு நன்றாகப் படிந்திருக்கிறது என்று பார்த்துக் கலங்கிப்போனேன்.

நீ பிளஸ் டூ படித்த வருஷம் அது. சுவரில் அம்மா வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மாள் வந்து உட்காருவார், மரி என்று பெயர். வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து காலமானவர், பிள்ளைகள் எல்லாம் பிரான்சில். அம்மாவைப் பார்த்ததும் ‘பொன்சுவார்’ என்று வணக்கம் சொல்வார், அம்மாவும் வெட்கப்பட்டுக்கொண்டே அதைத் திருப்பிச் சொல்வாள். ஒரு நாள் இரண்டாவது சுற்றில் திரும்பி வருகிறேன், சுவரில் அம்மா இல்லை. செருப்பு மட்டும் இருந்தது. அதற்குக் கீழே பர்ஸையும் சாவியையும் ஒளித்து வைத்திருந்தாள். முதலில் எனக்குப் பயம்தான் வந்தது, பாறையில் இறங்கி வழுக்கிவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தேன். பிறகு அங்கே நின்ற சுண்டல்காரர், இரண்டு பேரும் பார்க் பக்கம் போனார்கள் என்று சொன்னதும் பயமெல்லாம் கோபமாக மாறிவிட்டது. கவர்னர் மாளிகைக்கு எதிரே இருக்கிற பூங்கா அது, சுவரிலிருந்து ஐந்து நிமிஷ நடை. பதினோரு வருஷத்தில் அந்த ஐந்து நிமிஷத்தை அவள் அன்றுதான் நடந்திருக்கிறாள்.

பூங்காவின் நடுவில் இருக்கிற வெள்ளை மண்டபத்துக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் உள்ளங்கையில் கீழேயிருந்து எடுத்த நாகலிங்கப் பூ ஒன்று இருந்தது. என்னைப் பார்த்ததும் அதைக் காட்டுவதற்காகக் கையை நீட்டினாள். நான் அவ்வளவு பேருக்கு நடுவில் கத்தினேன். “அறிவு இருக்குதா ஒனக்கு? செருப்ப எவனாவது தூக்கினு போயிருந்தா?”

அவள் எழுந்து நின்றாள். பூவைப் பெஞ்சில் வைத்தாள். குரலை உயர்த்தவே இல்லை. “போனா போவுது. பதினோரு வருசமா அதத்தான் பாத்துனு கெடக்குறேன்” என்றாள்.

அந்த மரி அம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் வீட்டுக்கு வந்தோம். மறுநாள் நான் ஷூவை எடுத்தபோது, எனக்கு வேலை இருக்கிறது, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றாள். அதற்கு மறுநாளும் அதே பதில். அம்மா ஏன் பீச்சுக்கு வருவதில்லை என்று நீ என்னிடம் கேட்டாய், நினைவிருக்கிறதா? முட்டி வலி என்று சொன்னேன். அது பொய், கதிர். அன்றைக்கு அவள் முட்டிக்கு ஒன்றும் இல்லை. பக்கத்து அறையிலிருந்து அவளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், மறுக்கவில்லை. என்னை உன் முன்னால் விட்டுக்கொடுக்கவில்லை. ஆறு வருஷம் வரவில்லை. ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் ஆறு நாளில் முடிந்திருக்கும். என் வறட்டுக் கௌரவம், கேட்கவில்லை. செருப்பை மஞ்சள் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாக நடந்தேன். சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அந்த ஆறு வருஷத்தின் கடைசியில் அவளுக்கு நிஜமாகவே முட்டி தேய்ந்துவிட்டது. என் வாயால் சொன்ன பொய் என் கண் முன்னாலேயே உண்மையாகிவிட்டதைப் பார்த்தேன்.

நான் வேலையிலிருந்து நின்ற பிறகு ஒரு நாள், டாக்டர் உன்னையும் கொஞ்சம் நடக்கச் சொல்கிறாரே, வாயேன் என்று அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே, “செருப்ப யாரு பாத்துக்குவா?” என்றாள். சிரிக்கிறாளா, குத்துகிறாளா என்று புரியவில்லை. வெறுங்காலோடு வருகிறேன் என்றேன். வந்தும்விட்டேன். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் என் காலைப் பார்த்தாள். சர்க்கரைக்காரன் வெறுங்காலோடு நடந்து ஒரு கண்ணாடித் துண்டு ஏறினால் காலையே எடுக்க வேண்டியதுதான் என்று திட்டி, ஆட்டோவைத் திருப்பச் சொல்லி, வீட்டுக்கு வந்து செருப்பை மாட்டவைத்து, மறுபடி கிளம்பினோம். அன்று பூங்காப் பெஞ்சில் உட்கார்ந்துதான், தப்பு பண்ணிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். “தெரியுது” என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் என்னை அழவைக்க வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ.

ஐந்து வருஷமாக அவள் நடைக்கு நடக்கிறேன். சாலையின் ஒரு கோடியிலிருந்து நடுவிலிருக்கிற சிலை வரைக்கும் போக முக்கால் மணி நேரம் ஆகிறது, நான்கு இடத்தில் உட்காருகிறோம். அந்தச் சாலையில் நான் ஆயிரக்கணக்கான தடவை நடந்திருக்கிறேன், ஆனால் அங்கே வாதாம் மரத்து இலை உதிர்வதற்கு முன் சிவப்பாகிறது என்பதை அவள் காட்டித்தான் பார்த்தேன். பௌர்ணமிக்கு நிலா தண்ணீரிலிருந்து எழுந்து வருவதும் அப்படித்தான். எந்த வீட்டு மதிலில் காகிதப்பூ எந்த மாதம் கொட்டும், எந்தப் பெஞ்சில் காற்று நேராக அடிக்கும், எல்லாம் அவளுக்குத் தெரியும். பதினோரு வருஷம் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தவள், நடந்துகொண்டே இருந்த நான்தான் எதையும் பார்க்கவில்லை என்று ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

போன மார்கழியில் மதியம் மூன்று மணிக்கே கிளம்பி அவளைத் தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துக்கொண்டு போனேன். புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் நின்று பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள், அடிமரத்தைத் தடவிப் பார்த்தாள். ஏழாவது மரமோ எட்டாவது மரமோ, அதற்குமேல் கால் வரவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு அந்த நீளமான செம்மண் பாதையைக் கடைசிவரைக்கும் கண்ணால் பார்த்தாள். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு குட்டி ரயில் போகிற அந்தப் பக்கத்துக்கு நாங்கள் போகவில்லை. இன்னொரு நாள் வரலாம் என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். முப்பத்தைந்து வயதில் கேட்டவளை ஐம்பத்தேழு வயதில் கூட்டிக்கொண்டு போனேன், கதிர். பூங்கா அப்படியே இருக்கிறது, மரமெல்லாம் இன்னும் பெரிதாகியிருக்கிறது, என்னிடமும் இப்போது வேண்டிய நேரம் இருக்கிறது. அவள் கால்தான் இல்லை. இதை நினைத்து நான் அழாத வாரம் இல்லை.

இப்போது அந்தப் பேச்சைச் சொல்கிறேன். நீ போனோடு முன்னால் போனதும் அம்மா மெதுவாகப் போய்ச் சுவரில் உட்கார்ந்தாள். நிவேதா நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, ஹெல்மெட்டுக்காகக் கையை நீட்டினாள்.

“எங்கிட்ட குடும்மா. எனக்குப் பழக்கந்தான். நீ போய் அவங்கூட நட.”

அந்தப் பெண் உன் பக்கம் பார்த்தாள். நீ ரொம்ப தூரம் போயிருந்தாய்.

“வேணாம் அத்த, நானும் இங்கியே ஒங்ககூட ஒக்காந்துக்குறேன்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அம்மாவும் ஆரம்பத்தில் அந்தச் சுவரில் அப்படிச் சாதாரணமாகத்தான் உட்கார்ந்தாள். என்னைக் கலங்கடித்தது அதுதான். என் தப்பு என்னோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன், அது அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆளுக்கும் இடம் பிடித்து வைத்திருக்கிறது. நீ கெட்டவன் இல்லை. நானும் கெட்டவன் இல்லை. குடித்ததில்லை, அடித்ததில்லை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்தேன், தினமும் பீச்சுக்கு அழைத்துக்கொண்டு போனேன். இப்படியெல்லாம் இருந்தும் ஒருத்தியைப் பதினோரு வருஷம் உட்கார வைத்துவிட முடிகிறது. நிவேதா நிற்கிற இடத்தில் நீயும் நின்றுவிடு. என்ன பார்க்கிறாள் என்று கேள். நிலாவாக இருக்கலாம், நண்டாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆபீஸ் போனுக்கு அப்புறம் பதில் சொல்லிக்கொள்ளலாம். அவள் ஒன்றைக் கேட்டால் முதல் தடவை கேட்கும்போதே கிளம்பு. மூன்றாவது தடவை அவளும் கேட்காமல் போய்விட்டால், அது எவ்வளவு பெரிய அமைதி என்று எனக்குத்தான் தெரியும்.

கல்யாணம் முடிந்த மறுநாள் சாயங்காலம் விருந்து, உறவு என்று யார் கூப்பிட்டாலும் போகவேண்டாம். நால்வரும் கடற்கரைக்குப் போவோம். நிவேதாவும் அம்மாவும் எந்த வேகத்தில் நடக்கிறார்களோ அந்த வேகத்தில் நீ நட, அம்மா உட்கார்ந்தால் நீங்களும் உட்காருங்கள். பூங்காவில் நாகலிங்கப் பூ விழுந்திருந்தால் இரண்டு பேருக்கும் எடுத்துக் கொடு. நான் உங்களோடு நடக்கப்போவதில்லை. ஹெல்மெட், சாவி, தண்ணீர் பாட்டில், வழியில் கழற்றுகிற செருப்பு, எதுவாக இருந்தாலும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்தச் சுவரில், அம்மா உட்காருகிற இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அப்பா